கல்லீரலுக்கு எந்த டிரேடு?

ஆவடியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஈப்போவிலிருந்து யாரும் விமானம் ஏறுவதில்லை. நானும் அதற்காக ஏறவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைக்காலம். நான் தமிழ்ப்பள்ளியில் வாத்தியாரம்மா. பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே அலுவலக அறைக்கு எனக்கொரு தொலைபேசி அழைப்பு வந்தது. மறுமுனையில் என் தங்கை பார்வதியின் கணவன் சுடலைமுத்து. "மதினி, பாருவுக்குக் காமாலை கண்டிருக்கு. நீங்க வந்தாத் தேவல" என்றான். பாரு அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு மேல் இரைச்சல்தான் கேட்டது.

எங்கள் பள்ளியிலேயே ஒரு டீச்சருக்குப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது காமாலை வந்தது. வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவளை அடுத்த வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். ஆகவே விமானத்தில் கொடுத்த சோறு எனக்கு இறங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் அதையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "மெட்ராஸ்ல கல்யாணங்களா?" என்று விசாரித்தார். எனக்கு வந்த கோபத்தில் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

அப்பா கடைசிக் காலத்தில் மலேசியா போதும் என்று திருநெல்வேலிக்குத் திரும்பியபோது பாருவையும் கூட்டிப்போய், அத்தை மகன் சுடலைமுத்துவுக்கே கட்டிக்கொடுத்துவிட்டார். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சுடலைமுத்துவுக்கு ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பு அதன் குவார்ட்டர்ஸில். ஒரே மாதிரி மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீடுகள், ஒரே மாதிரி வேப்பமரங்கள். நான் வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டி, அவர்கள் காட்டிய பிறகுதான் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பாரு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பினாள். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். "என்னக்கா, அழுதுக்கிட்டே வந்தியாக்கும்? மூஞ்சியப் பாரு" என்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் நீளம். அந்த வாய் அப்படியே இருந்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்தக் குவார்ட்டர்ஸில் தமிழ்நாடே குடியிருந்தது. வரிசைக்கு ஒரு மாவட்டம், மாவட்டத்துக்கு ஒரு வைத்தியம். பக்கத்து வீட்டு சேலத்து அம்மா தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவருவார். எதிர்வீட்டு மதுரைக்காரர் மூக்கில் நசியம் விட வேண்டும் என்பார். பின்வரிசையில் யாரோ கையில் சூடு போட்டால் இறங்கிவிடும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். எல்லோரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றுதான். "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாதும்மா. உப்பு, எண்ணெய் காட்டாதீங்க. கரும்புச் சாறு குடுங்க, குளிர்ச்சி" என்றார் சேலத்து அம்மா. அதன்படி பாருவுக்கு உப்பில்லாத மோர்ச்சோறு. தொழிற்சாலை வாசலில் வண்டிக்காரன் பிழிந்து, ஐஸ் போட்டுக் கொடுக்கும் கரும்புச் சாறு. நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வெயிலுக்கு அமிர்தமாகத்தான் இருந்தது.

மறுநாளே அம்பத்தூரில் ஒரு டாக்டரிடம் போனோம். வாசலில் 'கல்லீரல் நோய் நிபுணர்' என்று பெரிய போர்டு. இவர் போதும், கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். அங்கேதான் சுடலைமுத்துவின் குணம் எனக்கு முதல்முதலாகத் தெரிந்தது.

அவன் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டாம். வேறு செக்‌ஷன்காரன் வந்து இவர்கள் எஞ்சினில் கை வைக்க வேண்டுமென்றால், எந்த டிரேடு, அதாவது எந்தத் தொழில் கற்றவன், யாரிடம் வேலை பழகினாய், இந்த மாதிரி எஞ்சினை முன்னே பிரித்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் கொடுப்பார்கள். கேட்கப்படுகிறவனும் கோபித்துக்கொள்ள மாட்டானாம். அந்த வழக்கத்தை இவன் டாக்டரிடம் கொண்டுபோனான்.

டாக்டர் ஊசி மருந்தைச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "ஐயா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க எந்த டிரேடு?" என்றான் சுடலைமுத்து.

"என்னது?"

"எங்கன வேலை பழகுனீங்கன்னு கேக்குதேன் ஐயா."

"மிலிட்டரில சர்ஜன். ஏன்?"

"அங்கன ஈரல் பாத்திருக்கீங்களா?"

"குண்டு பட்ட ஈரலையெல்லாம் தைச்சிருக்கேன்பா."

"குண்டு படாத ஈரல்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "எனக்கே இன்டர்வியூவா? நம்பிக்கை இல்லேன்னா எழுந்து போய்யா!" என்றார். எழுந்து வந்தோம். வெளியே காத்திருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பாருவை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு, எதிர் டீக்கடையில் அவனைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு மூளை இருக்கா? எங்க ஊர்ல டாக்டர் பேசினா 'சரி டாக்டர்'னு கேட்டுக்கிட்டு வருவோம். இப்போ வேற யாரைப் போய்த் தேடறது?" என்று கத்தினேன். அவன் கண்ணாடி தம்ளரில் பொறையை முக்கினான். அது ஊறி டீக்குள்ளேயே விழுந்தது. அதை எடுக்காமல் தம்ளரை அப்படியே கீழே வைத்தான். "பட்டாளத்து வண்டியில கை வைக்கவன்கிட்ட கேக்கோம். பாருகிட்ட கை வைக்கவன்கிட்ட கேக்கக் கூடாதா மதினி?" என்றான். பயத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான் போலிருக்கிறது. இருந்தாலும் எனக்குக் கோபம் தீரவில்லை.

அடுத்த நாள் சேலத்து அம்மாவின் வற்புறுத்தலில் பூந்தமல்லிக்குப் போனோம். அங்கே யூனானி வைத்தியம் பார்க்கும் ஒரு ஹக்கீம் காமாலைக்குப் பேர் போனவராம். பஸ் நிலையத்திலிருந்து சைக்கிள் ரிக்‌ஷா. மசூதித் தெருவில் எங்கிருந்தோ பிரியாணி தம் பிரிக்கும் வாசனை வந்து, என் வயிறு கூசாமல் இரைந்தது. ஈப்போவில் பாய் கடை நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடியவள் நான். அன்றைக்கு, தங்கை இப்படி இருக்கையில் இந்த வயிற்றுக்கு வேறு பசிக்கிறதே என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஹக்கீம் வெள்ளைத் தாடிக்காரர். சுற்றிலும் கண்ணாடி ஜாடிகள். சுடலைமுத்து வாயைத் திறக்குமுன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பயனில்லை, கேட்டேவிட்டான். பெரியவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

"கேளுங்க தம்பி, தாராளமாக் கேளுங்க. அத்தா ஹக்கீம், அத்தாவுக்கு அத்தாவும் ஹக்கீம். நான் அதோட நிக்காம யூனானி காலேஜுலயும் படிச்சேன். காமாலைக்கு ரொம்ப நாளா மருந்து குடுக்கறேன். உள்ளதைச் சொல்லணும்னா, பாதிப் பேருக்குத் தானாவே இறங்கிடும். பேரு எனக்கு வருது" என்றார்.

பிறகு பாரு முந்தானையை விலக்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். வயிற்றைப் பார்த்ததும் அவர் சிரிப்பு போய்விட்டது. நாடி பிடிக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "ராத்திரி தூங்குறாளா?" என்று என்னைக் கேட்டார்.

"ராத்திரி பூரா முழிச்சிருக்கா. பகல்லதான் தூங்குறா" என்றேன்.

"எத்தனை நாளா?"

எனக்குத் தெரியவில்லை. சுடலைமுத்து, "மூணு நாளா அப்படித்தான்" என்றான். ஹக்கீம் எழுந்தே விட்டார். "நான் தொட மாட்டேம்மா. தூக்கம் தலைகீழாப் போனா ஈரலோட விஷம் மூளைக்கு ஏறுதுன்னு அர்த்தம். மண்ணூர்பேட்டையில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில ஈரல் வார்டு பாக்குறவங்க, சாயங்காலம் ஊட்டுல இருப்பாங்க. என்கிட்ட மருந்து வாங்கிட்டுப் போய் எலிக்குக் குடுத்து ஆராய்ச்சி பண்ணுவாங்க, அதுல பழக்கம். இன்னைக்கே போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார். எலிக்கு மருந்து கொடுக்கிறவரிடம் என் தங்கையை அனுப்புகிறாரே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் பேர் போனவர் ஒருவர் கையை மடக்கிக்கொண்டதைப் பார்த்த பிறகு வேறு வழி தோன்றவில்லை.

ஆட்டோ பிடித்தோம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் நுழையவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. அப்புறம் ரோடு தெரியவில்லை, சைக்கிள்கள்தான் தெரிந்தன. டிபன் கேரியர் தொங்கும் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு வந்தன. "கம்பெனி உட்டுட்டான் அண்ணாத்தே. இனி வண்டி நவுராது" என்று டிரைவர் எஞ்சினை அணைத்தார். பாரு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். பச்சையாகப் பித்தம். நான் முதுகைத் தடவினேன், உள்ளங்கை சுட்டது.

டிரைவர் அதைப் பார்த்தார். இறங்கி முன்னால் போய், "நைனா, வண்டில புள்ளத்தாச்சி கீது! வழி உடு! யோவ் மாமே, உன்னத்தான், சைக்கிள அப்பால இஸ்துக்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினார். சைக்கிள்கள் விலகின. யார் யாரோ ஆட்டோவைத் தள்ளிக்கூட விட்டார்கள். கியூவில் நின்று பழகிய ஊர்க்காரி நான். இந்த ஊரில் கத்தினால்தான் வழி கிடைக்கிறது, ஆனால் கத்தினால் கிடைத்துவிடுகிறது.

மண்ணூர்பேட்டை வீட்டு வாசலில் சின்ன போர்டுதான். பெயர், பட்டம், அவ்வளவே. கல்லீரல் என்று ஒரு வார்த்தையும் இல்லை. இவரா ஈரல் டாக்டர் என்று போர்டை மறுபடியும் படித்தேன். டாக்டரம்மா ஒல்லியான பெண்மணி, நாற்பதைத் தாண்டியவர், கைத்தறிச் சேலை. பாருவின் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். "ரோட்டுல போலீஸ்காரர் வண்டிய நிறுத்துவாரே, அந்த மாதிரி ரெண்டு கையையும் நீட்டு" என்றார். பாரு நீட்டினாள். விரல்கள் லேசாக, கொஞ்சம் விட்டு விட்டு, உதறின. டாக்டரம்மா அவளை உள்ளறைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்தார்.

"என்ன சாப்பாடு கொடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கரும்புச் சாறு என்றதும் நிமிர்ந்தார். "ஐஸ் போட்டா? இந்தக் காமாலை வர்றதே கெட்ட தண்ணியில. அந்த ஐஸ் எந்தத் தண்ணியில பண்ணது? இருக்கிற கிருமி பத்தாதுன்னு வெளியில வாங்கிக் கொடுத்தீங்களா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுடலைமுத்து மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கப்போகிறான் என்று தெரிந்துவிட்டது. இந்த முறை நான் சட்டையை இழுக்கவில்லை. எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

"டாக்டரம்மா, நீங்க எந்த டிரேடு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கல்லீரலுக்குன்னு தனிப் படிப்பு நம்ம ஊர்ல இல்லப்பா. அதைப் பார்க்கிறவங்க எல்லாரும் வேற எங்கிருந்தோ வந்தவங்கதான். எங்க சீஃப் குடல் ஆபரேஷன் பண்ணிக்கிட்டிருந்தவர். கிருமி ஆராய்ச்சி பண்றவர் மாட்டு டாக்டர். எலிகளைப் பார்த்துக்கிறவர் விலங்கியல் வாத்தியாரா இருந்தவர்."

"நீங்கம்மா?"

"நான் பிணவறையில இருந்து வந்தேன்."

அவர் குரல் மாறவில்லை. "போஸ்ட்மார்ட்டத்துல எடுக்கிற ஈரலை அறுத்துப் பார்த்து, ஏன் செத்தாங்கன்னு எழுதுற வேலை. கோடை வந்தா கர்ப்பிணிப் பொண்ணுங்க வருவாங்க. ஏழு மாசம், எட்டு மாசம். எல்லாம் இதே காமாலை. எழுதி எழுதிக் கொடுத்தேன். அவங்களுக்கு அதால என்ன பிரயோஜனம்? ஒருநாள் தாங்கல. மறுபடியும் முதல்ல இருந்து மெடிசின் படிச்சு வார்டுக்கு வந்தேன்."

"வார்டுல இவளை மாதிரி வந்தவங்கள்ல எத்தனை பேரு பிழைச்சாங்க?" என்று கேட்டது சுடலைமுத்து இல்லை, நான்.

"கர்ப்பிணியா, இவ்வளவு முத்தின காமாலையோட வந்தவங்கள்லயா? ஒருத்தரும் இல்லை" என்றார். "பத்தியம் வச்சு, சூடு போட்டு, நினைவு தப்பினப்புறம்தான் தூக்கிக்கிட்டு வருவாங்க. நடந்து வந்தது இந்தப் பொண்ணுதான்."

நான் சுடலைமுத்துவை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "வேணாம். செத்தவங்களை மட்டுமே பார்த்தவங்க கையில என் தங்கச்சிய விட மாட்டேன். அந்த மிலிட்டரி டாக்டர் கால்ல நான் விழறேன், வா" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மதினி, ஓடுற எஞ்சினைப் பாத்தவன் ஆயிரம் பேரு இருக்கான். வெடிச்ச எஞ்சினைப் பிரிச்சவனுக்குத்தான் அது எங்கன வெடிக்கும்னு தெரியும். நான் பாத்திருக்கேன்."

"என் தங்கச்சி எஞ்சினாடா?"

"இல்ல மதினி" என்றான். வேட்டி நுனியை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து அழுதான். எனக்கு அவன் நியாயம் அரைகுறையாகத்தான் விளங்கியது. ஆனால் பொய் சொல்ல இடம் இருந்தும் அந்தம்மா பொய் சொல்லவில்லை என்பது விளங்கியது. உள்ளே போய், "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வர்றோம்" என்றேன்.

"நாளைக்கு இல்லம்மா, இப்பவே. நானும் வரேன்" என்று கார் சாவியை எடுத்தார்.

அதற்கப்புறம் என் பயணமெல்லாம் ஆவடிக்கும் பட்டணத்துக்கும் நடுவில் மின்சார ரயிலில்தான். வேர்க்கடலை விற்கிறவர்கள், பூக்கட்டிக்கொண்டே வரும் பெண்கள், கதவோரம் தொங்கும் காலேஜ் பையன்கள். ஈப்போ ரயிலில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். இங்கே ஏறி உட்கார்ந்ததும், "யாரு ஆஸ்பத்திரில?" என்று கேட்டுவிடுகிறார்கள். முகத்திலேயே எழுதியிருந்ததோ என்னவோ. ஒரு பூக்காரம்மா, "கவலப்படாத தாயி, எய்ந்து வந்துருவா" என்று மல்லிகையை என் மடியில் போட்டுவிட்டு வில்லிவாக்கத்தில் இறங்கிவிட்டார். அதை வைத்துக்கொள்வதா, நோயாளிக்கு எடுத்துப்போகலாமா என்று புரியாமல் கடைசிவரை கையிலேயே பிடித்திருந்தேன்.

வார்டில் டாக்டரம்மா பத்தியத்தை முதல் வேலையாக ஒழித்தார். குழைந்த சோறு, பருப்பு, பழம், கொதித்து ஆறிய தண்ணீர். உள்ளே சேரும் விஷத்தை வெளியேற்ற வயிறு போக மருந்து. ரத்தம் உறைய ஊசி. "வேற மந்திரம் எதுவும் என்கிட்ட இல்ல. எந்த இடத்துல வழுக்கும்னு தெரியும், அங்கே பிடிச்சுக்குவோம்" என்றார். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். அடிக்கடி கையை நீட்டச் சொல்ல வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும், கை அதிகம் உதறினாலோ பேச்சு தடுமாறினாலோ ஓடிவர வேண்டும். நான் பாருவை ஒரு நிமிடம் சும்மா விடவில்லை. "கையை நீட்டு. நான் யாரு? இது எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஏன்க்கா உயிர வாங்குதே?" என்று எரிந்து விழுவாள். திட்டத் திட்ட எனக்கு உயிர் வந்தது.

ஒரு மத்தியானம், நான் யார் என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, "அம்மா" என்றாள். செத்துப்போன அம்மாவைத்தான் சொன்னாள். நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. டாக்டரம்மா வந்தார், இன்னும் பலர் வந்தார்கள், திரையை இழுத்துவிட்டார்கள். அன்றைக்கே பிரசவ வலியும் எடுத்துக்கொண்டது. பெண் குழந்தை. ஒரு தடவை முனகியது, அவ்வளவுதான். சுடலைமுத்து துண்டில் வாங்கிக்கொண்டு போனான். அவனோடு அவன் செக்‌ஷன்காரர்கள் சிலர் போனார்கள். அவர்கள் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

டாக்டரம்மா, பாருவுக்கு நினைவு தப்பியிருந்த அந்த இரண்டு நாளும் மண்ணூர்பேட்டை வீட்டுக்குப் போகவில்லை. பாருவின் கட்டில் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாத்ரூம் பக்கம் நின்று அவர் தனியாக எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்தேன். அவருக்கும் பயம் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலையில் பாரு கண்ணைத் திறந்து என்னை உற்றுப் பார்த்தாள். "அக்கா, தலையச் சீவித் தொலைக்கக் கூடாதா? பேய் மாதிரி இருக்கே" என்றாள். பிறகு கையை வயிற்றின் மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. நாங்கள் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணில் மஞ்சள் வடிய இன்னும் பல நாள் ஆனது. என் லீவும் முடிந்து, தலைமையாசிரியருக்குப் பொய்க்கு மேல் பொய்யாகத் தந்தி அடித்தேன். கடைசியில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சுடலைமுத்து மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழே ஆட்டோ பிடிக்கப் போனான். நான் பாருவின் கையைப் பிடித்து வார்டு வாசல் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தேன். டாக்டரம்மா அங்கே நின்றிருந்தார்.

"கையை விடுங்க. அவ தனியா நடக்கட்டும்" என்றார் என்னிடம். பாரு வராந்தாவில் கொஞ்ச தூரம் நடந்து திரும்பி வந்தாள்.

"இன்னொரு தடவை" என்றார் டாக்டரம்மா.

பாருவுக்கு மூக்கு விடைத்தது. "நல்லாத்தானே நடக்கேன். இன்னும் என்ன டெஸ்டு டாக்டர்?"

"டெஸ்டு இல்லம்மா. உன்னை மாதிரி ஒருத்தி நடந்து வெளியே போய் நான் பார்த்ததில்லை."

பாரு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் மெதுவாக நடந்தாள்.